காரில் கால் எட்டாதவர்களுக்கு, சாய்வு மாற்றக்கூடிய கால்பலகை

அம்மாவின் உயரம் நாலடி பத்தங்குலம். முன்சீட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் குதிகால் தரையில் பதியாது. சேலம் டவுனுக்குள் இது பெரிதாகத் தெரியவில்லை. ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுபவருக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங் இருக்கிறது, பக்கத்தில் இருப்பவருக்குக் கால்தான் பிடிமானம். அது ஊன்றவில்லை என்றால் ஒவ்வொரு வளைவிலும் உடம்பு அலையும், இடுப்பு வலிக்கும்.

முதலில் ஒரு சாய்வுக் கட்டை செய்து வைத்தேன். ஏற்றத்தில் சரியாக இருந்தது. இறக்கத்தில் உடம்பு முன்னால் சரிய, பாதத்துக்கு இன்னும் நிமிர்ந்த பலகை தேவைப்பட்டது. அதனால்தான் சாய்வு மாற வேண்டும் என்கிறேன். துணி போட்ட சாய்வு நாற்காலியில் கட்டையை ஒவ்வொரு வெட்டாக மாற்றி வைப்போமே, அதே முறைதான்.

தேவையானவை: 12 மி.மீ. ப்ளைவுட், 12 மி.மீ. ரீப்பர் கட்டை (மெல்லிய மரச்சட்டம்), நான்கு சிறிய கீல்கள், 10 மி.மீ. ஸ்க்ரூ, பசை, உப்புத்தாள், பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய டியூப்.

முதலில் கால் வைக்கும் இடத்தில் ஒரு அட்டையை வெட்டி வைத்துப் பாருங்கள். 35 செ.மீ. நீளத்துக்குச் சமதளம் இருந்தால் என் அளவுகள் அப்படியே பொருந்தும். குறைவாக இருந்தால் பலகைகளின் நீளம், முட்டின் உயரம், கீலிலிருந்து சொல்லும் தூரங்கள் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறையுங்கள், சாய்வு மாறாது.

அடிப்பலகை 35 செ.மீ. நீளம், மேல்பலகை 30 செ.மீ., இரண்டுக்கும் அகலம் 30. மேல்பலகையைத் தாங்கி நிற்கும் முட்டுப்பலகை 12 செ.மீ. உயரம், 25 அகலம். வெட்டியதும் மூலைகளை வட்டமாக்கி உப்புத்தாள் போடுங்கள்.

குதிகால் பக்கத்தில் இரண்டு பலகைகளையும் கீலால் இணையுங்கள். கீலின் தகடுகள் பலகைகளுக்கு நடுவே வரட்டும். ப்ளைவுட்டின் விளிம்பில் ஸ்க்ரூ ஏற்றினால் பிளந்துவிடும். அந்தக் கீலிலிருந்து 20 செ.மீ. தள்ளி, மேல்பலகையின் அடியில் முட்டுப்பலகையைக் கீலால் தொங்கவிடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். அடிப்பலகையில் குதிகால் கீலிலிருந்து 24, 27, 30 செ.மீ. தூரத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டையும் ஒட்டி இன்ஜின் பக்கமாக ஒரு ரீப்பரைப் பசை தடவி ஸ்க்ரூ போடுங்கள். ரீப்பருக்கு மட்டும் 20 மி.மீ. ஸ்க்ரூ. மிதிக்கும்போது முட்டு இன்ஜின் பக்கம்தான் வழுக்கப் பார்க்கும், அதனால் தடுப்பு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். 30-இல் வைத்தால் ஏறக்குறைய 16 பாகை, 27-இல் 24, 24-இல் 30 பாகை சாய்வு கிடைக்கும்.

பசை காய ஒரு ராத்திரி விடுங்கள். அப்புறம் அடியில் டியூப் ரப்பரை முழுவதுமாக ஒட்டுங்கள். காரின் தரையில் துளை போட வேண்டாம், கார்பெட்டுக்கு அடியில் ஒயர் ஓடலாம். தனியாக நகரும் மிதியடி மேலும் வைக்காதீர்கள். வைத்ததும் ஓட்டுநர் பக்கமாகக் கையால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் நகர்ந்தாலும் பயன்படுத்தக் கூடாது, பெடலுக்கு அடியில் போனால் பிரேக் பிடிக்காது.

சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளி, முழங்கால் இடுப்புக்கு மேலே எழும்பாத சாய்வைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவுக்கு ஊருக்குள் 16 பாகை, மலை ஏற 24. ஏற்காட்டிலிருந்து கிளம்புவதற்கு முன், வண்டி நிற்கும்போதே 30-க்கு மாற்றிவிடுகிறேன்.