கேம்ல பேட்டிங்: காலை முதல்ல நகர்த்துங்க, மட்டை அப்புறம்

கிரிக்கெட் கேமில் இருபது ரன்னுக்குள் சுருண்டுவிடுகிறவர்கள் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று புரியும். பவுலர் ஓடிவரத் தொடங்கும்போதே அவர்கள் கட்டைவிரல் ஷாட் பட்டனில் ஏறிவிடும். பந்து எங்கே குத்தும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மிட் விக்கெட்டுக்கு மேலே தூக்குவது என்று மட்டும் முடிவாகிவிட்டது! அப்புறம் ஸ்டம்ப் பறந்தால் "கேம் ஏமாத்துது" என்பார்கள்.

கேம் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. நாம் முடிவெடுக்கும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் லெங்த் (பந்து எவ்வளவு தூரத்தில் குத்துகிறது), அதற்கேற்ப கால், அப்புறம் லைன் (ஸ்டம்புக்கு நேரேவா, வெளியேவா), கடைசியில்தான் ஷாட். இந்த வரிசை விரலுக்குப் பழகிவிட்டால் எந்த கேமிலும் ரன் வரும்.

நான் அதிகம் ஆடுவது பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் எடுத்தவை: 2014-ல் வந்த டான் பிராட்மேன் கிரிக்கெட், அப்புறம் கிரிக்கெட் 19, 22, 24. போனில் ரியல் கிரிக்கெட்டும் வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்பும் ஆடுவேன். 2006-ல் வந்த இஏ கிரிக்கெட் 07-ஐ இன்னும் கம்ப்யூட்டரில் விடாமல் ஆடுகிறவர்களுக்கும் நான் சொல்வதில் பாதிக்கு மேல் பொருந்தும். பட்டன் எது என்பது கேமுக்கு கேம் மாறும் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

முதலில் டிவியைப் பாருங்கள்

இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். ஒரு சின்ன கணக்கு போடுவோம். 140 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு சுமார் 39 மீட்டர். ஒரு முனையின் கிரீஸிலிருந்து மறுமுனை கிரீஸ் வரை 17.68 மீட்டர். ஆக, உங்களுக்குக் கிடைப்பது அரை நொடிகூட இல்லை, 0.45 நொடிதான். உங்கள் டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று 100 மில்லி நொடி எடுத்துக்கொண்டால், திரையில் நீங்கள் பார்க்கும் பந்து கேமின் கணக்கில் ஏற்கெனவே நான்கு மீட்டர் முன்னால் வந்துவிட்டது. எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அந்த நான்கு மீட்டரை விரலால் ஈடுகட்ட முடியாது.

எனவே டிவி செட்டிங்கில் கேம் மோடை ஆன் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் ஆடினால் கேமின் பட செட்டிங்கில் இருக்கும் வி-சிங்க்கை (V-Sync) அணைத்துப் பாருங்கள், அதுவும் தாமதம் கூட்டும். படம் விட்டுவிட்டு ஓடினால் கூட்டத்தையும் நிழல்களையும் குறைத்துவிடுங்கள், பார்வையாளர்களை எண்ணப்போவது நாம் இல்லை. போனில் ஆடுகிறவர்கள் ப்ளூடூத் இயர்போனைக் கழற்றிவிடுவது நல்லது, சத்தம் தாமதமாக வந்து டைமிங்கைக் குழப்பும்.

தப்பு டிவியிலா, நம்மிடமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் டைமிங் சீக்கிரமா தாமதமா என்று பெரும்பாலான கேம்கள் காட்டும். வேகத்துக்கும் தாமதம், ஸ்பின்னுக்கும் தாமதம், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தாமதம் என்றால் சந்தேகத்தைத் திரையின்மேல் வைக்கலாம். வேகத்துக்குத் தாமதம், ஸ்பின்னுக்குச் சீக்கிரம் என்று வந்தால் டிவி பாவம், அதை விட்டுவிடுங்கள்.

கேமரா விஷயத்தில் எனக்கு ஒரே கருத்துதான். பேட்ஸ்மேனுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில். உயரம் கூடினால் பந்து குத்தும் இடம் நன்றாகத் தெரியும். எதை வைத்தாலும் சரி, தோற்கும்போதெல்லாம் மாற்றாதீர்கள். கண் ஒரு கோணத்துக்குப் பழகவே நாளாகும்.

பந்து கையை விடும் அந்த இடம்

புதிதாக ஆடுகிறவர்கள், பந்து குத்தப்போகும் இடத்தைக் காட்ட பிட்ச்சில் தெரியும் குறியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுலப நிலையில் அது உதவும். கடின நிலைக்குப் போனதும் குறி காணாமல் போகும், அல்லது பார்த்து முடிப்பதற்குள் பந்து கீப்பர் கையில் இருக்கும். அதனால் ஆரம்பத்திலிருந்தே பவுலரின் கையைப் பாருங்கள். கையை விட்டதும் பந்து கொஞ்சம் மேலே எழுவதுபோல் தெரிந்தால் ஃபுல்லாக, அதாவது பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் குத்தும்படி வருகிறது. விட்ட உடனேயே கீழ்நோக்கி இறங்கினால் ஷார்ட், பேட்ஸ்மேனுக்குத் தள்ளியே குத்தும். இரண்டுக்கும் நடுவில் சொல்லத் தெரியாமல் இருந்தால் அதுதான் குட் லெங்த், அதற்குக் கட்டை போடுங்கள், அதாவது அடிக்காமல் தடுத்தாடுங்கள். "தெரியலையே" என்பதும் ஒரு தகவல்தான்.

இரண்டு ஸ்டிக் வைத்து ஆடும் முறையில் இடது ஸ்டிக் கால், வலது ஸ்டிக் மட்டை. பந்து கையை விடும்வரை இடது ஸ்டிக்கைத் தொடாமல் நடுவில் விட்டுவிடுங்கள். ஃபுல் என்று தெரிந்ததும் இடதை முன்னால் தள்ளுங்கள். வலது கட்டைவிரல் இன்னும் அசையக்கூடாது. காலை வைத்த பிறகுதான் பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியேவா நேரேவா என்று கண் தேடும், அதற்குப் பிறகுதான் வலது விரல். எழுதிப் பார்த்தால் நீளமாக இருக்கிறது, நடப்பதெல்லாம் அந்த அரை நொடிக்குள். முதலில் கால் தாமதமாகும், அப்புறம் மட்டை தாமதமாகும், ஒரு நாள் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

பட்டன் முறையிலோ போனிலோ ஆடுகிறவர்களுக்குக் காலைக் கேமே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் "முன்காலா பின்காலா" என்று மனதில் ஒருமுறை கேட்டுவிட்டே அழுத்துங்கள். ஷார்ட் பந்துக்கு டிரைவ் அடிக்கும் அபத்தம் அதிலேயே பாதி நின்றுவிடும்.

எந்த லெங்த்துக்கு எது என்பதை அதிகம் யோசிக்க வேண்டாம். ஃபுல்லாக வந்தால் முன்கால் வைத்து நேராகவோ கவர் பக்கமோ தரையோடு. ஷார்ட்டாக, உடம்பை நோக்கி வந்தால் புல் ஷாட், லெக் பக்கம் இழுத்து அடிப்பது. ஷார்ட்டாக, வெளியே அகலமாக வந்தால் கட், ஆஃப் பக்கம் வெட்டி அடிப்பது. கேமில் எட்ஜ் (பந்து மட்டையின் ஓரத்தில் படுவது) பெரும்பாலும் இந்த இரண்டையும் மாற்றி ஆடுவதால்தான் வருகிறது. வெளியே போகும் ஷார்ட் பந்தை லெக் பக்கம் இழுத்தால் மேல் எட்ஜ் எடுத்து கீப்பருக்கோ ஃபைன் லெக்குக்கோ போகும், அது கேமின் தவறு கிடையாது.

புதுப் பந்துக்கு ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வருவதை விட்டுவிடுங்கள். எதையும் அழுத்தாமல் இருந்தாலே போதும். கேம் ஆடுகிறவர்கள் பந்தை விடுவதே இல்லை, எனக்கு அதுதான் வியப்பு. காசு கொடுத்து வாங்கிவிட்டு எதுக்கு அடிக்காமல் இருக்கணும் என்று நினைப்பார்களோ என்னவோ. டெஸ்டில் முதல் பத்து ஓவர் வெளியே போவதைத் தொடாமல் ஆடிப்பாருங்கள். பவுலர் வேறு வழியில்லாமல் ஸ்டம்புக்கு நேரே போட ஆரம்பிப்பார், லெக் பக்கம் ரன் தானாக வரும்.

நெட்ஸில் என்ன செய்வது

கேமின் பயிற்சிப் பகுதியான நெட்ஸுக்குப் போய் எல்லாப் பந்தையும் சிக்ஸர் அடித்துப் பார்ப்பது பொழுதுபோக்கு, பயிற்சி அல்ல. ஒரே ஒரு மித வேகப் பவுலரை வைத்துக்கொண்டு வெறும் டிஃபென்ஸ் மட்டும் ஆடுங்கள். பந்து முடிந்ததும் வரும் குறிப்பில் ஃபுட்வொர்க்கை மட்டும் பாருங்கள், டைமிங்கைக் கண்டுகொள்ளவே வேண்டாம். ஃபுட்வொர்க் தொடர்ந்து நன்றாக வர ஆரம்பித்த பிறகு டைமிங். அதற்குப் பிறகு ஒரே ஒரு ஷாட்டைச் சேருங்கள், நான் சிபாரிசு செய்வது நேர் டிரைவ். அப்புறம்தான் பவுலரின் வேகத்தை மாற்ற வேண்டும்.

டைமிங்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீங்கள் அழுத்தும் நேரத்துக்கும் மட்டை பந்தைத் தொடும் நேரத்துக்கும் நடுவே மட்டை வீசும் அசைவு ஒன்று ஓடி முடிய வேண்டும். அதனால் மட்டையும் பந்தும் சந்திக்கும் இடத்தைப் பார்த்து அழுத்தினால் எப்போதும் தாமதம்தான். பந்து தரையில் குத்தும் தருணத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு, உங்கள் கேமில் அதற்கு எவ்வளவு முன் அல்லது பின் அழுத்த வேண்டும் என்று நெட்ஸில் பிடித்துக்கொள்ளுங்கள். வேகப்பந்துக்குக் கொஞ்சம் முன், ஸ்பின்னுக்குக் கொஞ்சம் பின் என்பது என் கணக்கு.

ஃபீல்டிங்கைப் படிப்பது

ஃபீல்டர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று காட்ட திரையின் மூலையில் இருக்கும் அந்தக் குட்டி வட்டப் படத்தை ஓவருக்கு ஒருமுறையாவது பாருங்கள். டி20-யில் முதல் ஆறு ஓவர் வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம், அதன் பிறகு ஐந்து பேர். அந்த இரண்டு பேர் டீப் ஸ்கொயர் லெக்கிலும் தேர்ட் மேனிலும் நின்றால் பவுலர் ஷார்ட்டாகப் போட நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ஓவர், வேகப்பந்து, வலது கை ஆட்டக்காரர், சொன்ன அதே ஃபீல்டிங் என்று வைத்துக்கொள்வோம். முதல் பந்து குட் லெங்த், வெளியே: விட்டுவிட்டேன். இரண்டாவது ஃபுல்: மிட் ஆஃபுக்கும் எக்ஸ்ட்ரா கவருக்கும் நடுவே தரையோடு, நான்கு. உடனே கவர் பக்கம் ஆளை நகர்த்தி, மூன்றாவதை நேராகப் போட்டார்: மிட் விக்கெட் பக்கம் தட்டி ஒரு ரன். நான்காவது, மறுமுனை ஆட்டக்காரர் புதிதாக வந்தவர்: கட்டை. ஐந்தாவது ஷார்ட், உடம்பை நோக்கி. எல்லைக் கோட்டில் ஆள் நிற்கும்போது எதற்குத் தூக்க வேண்டும்? புல்லையே தரையோடு ஆடி டீப் ஸ்கொயர் லெக்குக்கு அனுப்பினால் ஒரு ரன். கடைசிப் பந்தைத் தேர்ட் மேன் பக்கம் மெல்லத் தொட்டு இன்னொரு ரன், அடுத்த ஓவரும் ஸ்ட்ரைக் நம்மிடமே. ஏழு ரன். ஒரு பந்தைக்கூட தூக்கவில்லை, ஒரு பவுண்டரிதான். இதே வேகத்தில் இருபது ஓவர் போனால் 140, விக்கெட்டும் கையில் இருந்தால் கடைசி நான்கு ஓவரில் அதை எங்கேயோ கொண்டுபோகலாம்.

எல்லைக் கோட்டில் நிற்கும் ஃபீல்டர் உங்களுக்கு எதிரி அல்ல, உறுதியான ஒரு ரன். அவரை நோக்கியே தரையோடு அடியுங்கள். ஓட்டத்தில் ரன் அவுட் ஆவது பெரும்பாலும் இரண்டாவது ரன்னுக்கு ஓடும்போது பட்டனை மறுபடி மறுபடி அழுத்துவதால்தான். ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். திரும்பிப் போவதாக இருந்தால் பாதி தூரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஸ்பின்

நான் பார்த்தவரை வேகப்பந்தை விட ஸ்பின்தான் கேமில் அதிக விக்கெட் எடுக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்குக் கிட்டத்தட்ட 0.8 நொடி கிடைக்கிறது. வேகத்துக்குப் பழகிய விரல் அவ்வளவு நேரம் சும்மா இருக்காது. ஸ்பின்னர் வந்ததும் முதல் ஓவரை டிஃபென்ஸுக்கே கொடுத்துவிடுங்கள், விரலின் அவசரம் அடங்கட்டும்.

திரும்பும் திசையோடு ஆடுவது பாதுகாப்பு. வலது கை ஆட்டக்காரருக்கு ஆஃப் ஸ்பின் உள்ளே வரும், அதை லெக் பக்கம் ஆடுங்கள். லெக் ஸ்பின் வெளியே போகும், அது கவர் பக்கம். கூக்ளியா (லெக் ஸ்பின் போல வந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து) இல்லையா என்று பவுலரின் கையைப் பார்த்துப் பிடிபடவில்லை என்றால் பின்காலில் போய்ப் பந்து திரும்புவதைப் பார்த்துவிட்டு ஆடுங்கள், ரொம்ப ஃபுல்லாக வந்தால் மட்டும் முன்காலிலேயே கட்டை போடுங்கள். லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தும் பந்துக்கு எல்பிடபிள்யூ கிடையாது என்பதை மறக்காதீர்கள், ஸ்வீப்புக்கு அதைவிட நல்ல பந்து இல்லை. இறங்கி வந்து அடிப்பது பந்து மிதந்து வரும்போது மட்டும். பந்து பவுலரின் கையை விடுவதற்கு முன்பே இறங்கினால் கீப்பருக்கு ஸ்டம்பிங் சுலபம்.

யாரை வைத்து ஆடுகிறோம் என்பதும் கணக்கில் வரும். பிக் ஆன்ட் கேம்களில் திறமை குறைந்த ஆட்டக்காரருக்கு டைமிங் தவறினால் மன்னிப்பு குறைவு. பத்தாவதாக வருபவரை வைத்துக்கொண்டு கவர் டிரைவ் ஆசை வேண்டாம்.

கடின நிலையை எப்போது ஏற்றுவது? ஒருநாள் ஆட்டத்தில் முதல் பத்து ஓவரை ஒரு விக்கெட்டுக்கு மேல் இழக்காமல் தாண்டுவது வழக்கமாகிவிட்டால் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு ரன் குறையும், அது சரி. ஃபுட்வொர்க் குறிப்பு மட்டும் மோசமாகாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். அது கெட்டால் ஒரு படி இறங்கி நெட்ஸுக்குப் போய்விடுங்கள்.

ஆன்லைனில் ஆளோடு ஆடும்போது எல்லாம் கொஞ்சம் மாறும். எதிரே இருப்பவர் உங்களுக்கு எது வரவில்லை என்று பார்த்துவிட்டு அதையே திரும்பத் திரும்பப் போடுவார், பெரும்பாலும் யார்க்கரும் (காலடியில் குத்தும் பந்து) ஸ்லோ பாலும்தான். யார்க்கருக்கு முன்காலில் நேராகக் கட்டை. ஸ்லோ பாலுக்கு வேகத்தின் டைமிங்கை மறந்து பந்து குத்தும்வரை காத்திருங்கள். இணையத்தின் தாமதமும் சேர்ந்துகொள்ளும் என்பதால் முதல் ஓவரில் ஆறு பந்தையும் டொக்கு வைத்தே ஆடி, அன்றைய டைமிங் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் பொறுமை இழந்து ஷார்ட்டாகப் போடுவார், அப்போது புல் ஆடலாம்.