புது ஃபோனுக்கு மட்டும் ஐபி வரவில்லை: என் அனுபவம்

எங்கள் நெட்வொர்க்கில் ஏற்கெனவே இருந்த கணினிகள் ஜோராக ஓடின. புதிதாக இணைகிற ஃபோன்களுக்கு மட்டும் நெட் இல்லை. அவற்றில் ஐபி (நெட்வொர்க்கில் கருவிக்கான முகவரி எண்) 169.254 என்று தொடங்கியது. கருவிகளுக்கு ஐபி கொடுக்கும் டிஎச்சிபி சர்வர் பதில் தராததால் கருவி தானாக எடுத்துக்கொண்ட முகவரி அது. கேபிள் மாற்றினேன், சர்வரை அணைத்துப் போட்டேன், பலனில்லை.

அப்புறம் லீஸ் பட்டியலைத் திறந்தேன்; எந்த ஐபி எந்தக் கருவிக்கு, எவ்வளவு காலத்துக்குத் தரப்பட்டது என்று காட்டுவது அது. சர்வர் கொடுக்கக்கூடிய 192.168.1.100 முதல் 199 வரை எல்லாமே தீர்ந்திருந்தன. ஆட்களோ அதில் பாதிகூட இல்லை! கருவியை சர்வர் அடையாளம் காணும் மேக் முகவரியின் இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள்: பலவற்றில் 2, 6, ஏ, ஈ. ஃபோன் தானே உருவாக்கும் தற்காலிக மேக்குக்கு அதுதான் அடையாளம். ஒரே ஃபோன் புது மேக்கோடு வந்தால் சர்வர் இன்னொரு ஐபி கொடுக்கும். பழையது லீஸ் முடியும்வரை, இங்கே 8 நாள், முடங்கிக் கிடக்கும்.

லீஸை 4 மணி நேரமாக்கி, பயனில் இல்லாத பதிவுகளை அழித்தேன். உடனே ஐபி வந்தது. அப்பாடா!