அப்பாவின் மாத்திரை டப்பாவும் அமெரிக்கப் பயணக் காப்பீடும்: பெரியவர்களுக்குப் பாலிசி எடுப்பது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எல்.சி. எனப்படும் வங்கி உத்தரவாதக் கடிதத்தில் சொன்னதிலிருந்து ஓர் எழுத்து பிசகினாலும் வங்கி ஆவணங்களைத் திருப்பிவிடும். அந்தப் பிசகைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான், டல்லாஸில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அப்பா முதல்முறை கிளம்பியபோது பாலிசி விண்ணப்பத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. ஏஜென்ட் காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, செல்போனிலேயே நிரப்பிக்கொண்டு போனார். அதன் விளைவு பின்னால் வருகிறது. இரண்டாம் பயணத்துக்கு நானே எடுத்தேன். அந்த முறைதான் இது.

1. போகும் நாடு என்ன கேட்கிறது?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அங்கே வாழும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கான கனடாவின் சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1,00,000 கனடா டாலர், அதுவும் ஓராண்டுக்கு. அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு எதுவும் கட்டாயமில்லை. அதனாலேயே பலர் எடுக்காமல் போகிறார்கள். அங்கே அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பணமில்லை என்று மருத்துவமனை திருப்பி அனுப்பக் கூடாது என 1986-இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். பில் மட்டும் தவறாமல் வீடு தேடி வரும். நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது. இதைச் சொல்லக் காரணம், அப்பா அதைப் பையில் எடுத்து வைத்திருந்தார்.

2. மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துங்கள்

விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். வீட்டில் அவற்றுக்குச் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை என்றுதான் பெயர். அட்டையின் பின்புறம் பார்த்து மெட்ஃபார்மின், டெல்மிசார்ட்டன், அட்டோர்வாஸ்டாட்டின் என்று மூலப்பெயரையும் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊர் வணிகப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. எந்த ஆண்டிலிருந்து சாப்பிடுகிறார் என்பதையும் சேர்த்து, குடும்ப மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

பழைய அறுவைச் சிகிச்சைகளையும் கேளுங்கள், ஒருமுறைக்கு இரண்டுமுறை. அம்மா முதல் நாள் ஒன்றுமே இல்லை என்றார். மறுநாள் அடுப்படியிலிருந்து, “கர்ப்பப்பை எடுத்தது கணக்கில் வருமா கண்ணு? அது ஆகி இருபது வருடம் ஆகிவிட்டதே” என்றார். வரும்.

3. நான் விழுந்த இடம்

‘ஏற்கனவே நோய் ஏதும் உண்டா?’ என்று ஒரு கேள்வி இருக்கும். ஏஜென்ட் அதை அப்பாவிடம் கேட்டார். அப்பா சொன்ன பதில்: “நமக்கு ஏதுங்க நோய்? சர்க்கரைக்கு ஒரு மாத்திரை போடுகிறோம், அவ்வளவுதானுங்க.” ஏஜென்ட் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ‘இல்லை’யில் தட்டிவிட்டார்.

டல்லாஸ் போன ஐந்தாம் வாரம் அப்பா குளியலறையில் மயங்கி விழுந்தார். ஓர் இரவு மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். சேர்க்கும்போது எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை என்று செவிலியர் கேட்க, மாப்பிள்ளை உள்ளது உள்ளபடி எட்டு ஆண்டு என்றார். அது அவர்கள் குறிப்பில் ஏறிவிட்டது. காப்பீட்டு நிறுவனம் கோவையில் முன்பு சேர்ந்திருந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளையும் கேட்டது. நம் ஊர் டிஸ்சார்ஜ் தாள்களில் முதல் வரியிலேயே சர்க்கரை, ரத்த அழுத்தம் இத்தனை ஆண்டு என்று எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். இரண்டு தாள்கள் ஒன்று சொல்ல, விண்ணப்பம் வேறு சொன்னது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது.

எனக்கு ஏஜென்ட் மேல்தான் கோபம். ஆனால் விண்ணப்பத்தில் இருந்தது அப்பாவின் ஒப்புதல். சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். நிறுவனம் மறுத்த பிறகு, ஓராண்டுக்குள் போக வேண்டும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தால் போங்கள். நான் போகவில்லை.

ஆகவே பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே நிரப்புங்கள். “நோய் உண்டா” என்று கேட்காதீர்கள், “தினமும் என்ன மாத்திரை” என்று கேளுங்கள். நோயைச் சொன்னால் பிரீமியம் கூடலாம், பரிசோதனை கேட்கலாம், பாலிசியே மறுக்கவும் கூடும். மறுப்பதாக இருந்தால் இங்கேயே மறுத்துவிட்டுப் போகட்டும்.

4. இங்கேயா, அங்கேயா?

இந்திய நிறுவனப் பாலிசி மலிவு. கிளம்பும் முன்பே எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் பழைய நோய்க்கு உயிராபத்து வந்தால் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள் தருவார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, அறுவைக் கட்டணம் என்று தனித்தனி உச்சவரம்பு வைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு. முகப்பில் ஒரு லட்சம் டாலர் என்று போட்டிருக்கும், உள்ளே அறைக்கு இவ்வளவுதான் என்று இருக்கும்.

அமெரிக்காவில் வருகையாளர்களுக்கென்றே விற்கும் திட்டங்களில் இரண்டு வகை. ஒன்று, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று நிர்ணயித்துத் தருவது. மற்றது, டிடக்டிபிள் எனப்படும் முதல் தொகையை நாம் கட்டிய பிறகு பில்லில் பெரும்பங்கை ஏற்பது. முதல் வகையைப் பரிசாகக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். இரண்டாவதில் ‘அக்யூட் ஆன்செட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். பழைய நோய் முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று தாக்கி, பொதுவாக 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போனால் தருவார்கள் என்பது அதன் பொருள். மெல்ல மெல்ல முற்றியதற்கு, வழக்கமான பரிசோதனைக்கு, மாத்திரை தீர்ந்து வாங்குவதற்கு எல்லாம் கிடையாது. எழுபது, எண்பது என்று வயது ஏற ஏறப் பாலிசியின் மொத்த வரம்பும் சுருங்கும். அப்பாவுக்கு எழுபத்தொன்று, இந்த இரண்டாவது வகையைத்தான் எடுத்தேன்.

ஒப்பிட்டுக் காட்டும் இணையதளங்களில் உங்கள் எண்ணைக் கொடுத்தால் ஒரு வாரம் போன் ஓயாது. நீளநோட்டில் மூன்று கட்டம் போட்டு, பாலிசி விதிகளின் முழு பி.டி.எஃப்.பைத் திறந்து நானே எழுதினேன். விளம்பரத் தாளை நம்பவில்லை.

5. தேதியும் தாள்களும்

கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போனால் பயணமே ஒரு நாளைத் தாண்டும். கிளம்பும் நாளிலிருந்து தொடங்கி, திரும்பும் தேதிக்கு மேல் ஒரு வாரம் சேர்த்துப் போடுங்கள். பாலிசித் தாள், அவசர எண், மருத்துவர் கடிதம் மூன்றையும் அச்செடுத்து மாத்திரைகளோடு கைப்பையில் வையுங்கள். மருத்துவமனையில் சேர்ந்தால் முதல் வேலை அந்த எண்ணுக்குப் போன். மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது ஒவ்வொரு செலவும் தனித்தனியாக இருக்கும் பில்லைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கங்களின் நகலும் கிளெய்முக்குத் தேவைப்படும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுக் கோபியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. விண்ணப்பமோ அதை நிரப்பாமல் நகரவில்லை. இனிஷியலைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, என்ன போடுவது என்று எழுத்தில் பதில் வாங்கி, அப்படியே போடுங்கள். அந்தப் பதிலையும் அச்செடுத்து மற்றத் தாள்களோடு சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று: தங்குவதை நீட்டிப்பதாக இருந்தால் பாலிசி முடியும் முன்பே கேட்க வேண்டும். ஒருநாள் விட்டாலும் புதிதாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இடையில் வந்த நோயெல்லாம் அதற்குப் பழைய நோய் ஆகிவிடும்.