தலை நிற்கவில்லையா? நோயின் பெயர் தெரியும்வரை காத்திருக்காதீர்கள்

என் மகன் எட்டாவது மாதத்திலேயே பிறந்துவிட்டான். எடை ஒன்றரை கிலோ. ஏழு மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை. காட்டிய டாக்டர், "குறைமாதக் குழந்தைதானே, ஒன்றரை வயது வரை பாருங்கள்" என்றார். வீட்டிலும் "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் வரும்" என்றார்கள். சரி என்று ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டோம். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. அவனுக்கு மூளை முடக்குவாதம், அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடம்பின் அசைவு சரியாக வராத நிலை.

குறைமாதக் குழந்தைக்கு வயதைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. எத்தனை மாதம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். அப்படிக் கழித்தாலும் அன்று என் மகனுக்கு ஐந்து மாதம். தலை நின்றிருக்க வேண்டிய வயது. எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்று மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், நான்கு மாதம் தாண்டியும் கை எப்போதும் முஷ்டியாகவே இருந்தால், தூக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொண்டால், ஒன்பது மாதத்தில் உட்காராவிட்டால், ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், உடனே காட்டுங்கள். காதுக்குக் கை தட்டிப் பார்ப்பதை நம்பாதீர்கள். தட்டும்போது வரும் அசைவைப் பார்த்தே குழந்தை திரும்பிவிடும். கருவி வைத்துப் பார்க்கும் பரிசோதனை சில நிமிடம்தான். இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு, முப்பது நாளுக்குள் கண்ணின் விழித்திரையையும் பார்த்துவிட வேண்டும்.

எங்கே போவது? முதலில் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடி டீச்சரிடமோ சொல்லுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் ஒரு மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கும். சந்தேகம் இருந்தால் அவர்கள் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு எழுதித் தருவார்கள். வளர்ச்சி தாமதமான பிள்ளைகளுக்குச் சீக்கிரமே பயிற்சி தரும் இடம் அது. மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (அந்த மையத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்று கேட்டால் வழி காட்டுவார்கள். குழு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், நேராகவே போகலாம். பிள்ளைகள் டாக்டர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில், இலவசமாக.

சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது.

போகும்போது பிறந்தபோது தந்த டிஸ்சார்ஜ் சீட்டும் தாய் சேய் நல அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் வீடியோ நான்கைந்து வைத்திருங்கள்: குப்புறப் போட்டால் என்ன செய்கிறான், பால் குடிக்கும்போது எப்படி. புது இடத்தில் பிள்ளை அழுதுகொண்டே இருப்பான், டாக்டரால் எதையும் பார்க்க முடியாது. எனக்குக் கைகொடுத்தது அந்த வீடியோதான்.

நோயின் பெயரோ ஊனச் சான்றிதழோ கையில் இருந்தால்தான் பயிற்சி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சான்றிதழ் உதவித்தொகைக்கும் பஸ் சலுகைக்கும். கடும் பாதிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். காது கேளாத பிள்ளைக்கு ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி (உள்காதில் வைத்து ஒலி கேட்க உதவுவது) பொருத்தும் அறுவைச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டிலேயே நடக்கும். ஆனால் ஆறு வரை தள்ளிப்போடாதீர்கள். பேச்சுக்கு முதல் மூன்று வருடம் பொன்.

இப்போது முக்கியமான விஷயம். வாரத்துக்கு இரண்டு நாள் மையத்தில் முக்கால் மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் பிள்ளை நம்மிடம்தானே இருக்கிறான்? அதனால் தெரபிஸ்ட் மேடத்திடம் நான் ஒவ்வொரு முறையும் கேட்டது ஒன்றுதான்: "வீட்டில் நான் செய்கிற வேலைக்குள் இதை எப்படிச் சேர்ப்பது?"

கால் இறுகிய பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தூக்குவதைவிட இடுப்பில், இரண்டு காலும் இரண்டு பக்கம் வர உட்கார வைத்துத் தூக்கச் சொன்னார்கள். கால் விரியும், தலையையும் அவனே நிறுத்தப் பார்ப்பான். நம் ஊர்ப் பெண்கள் காலம்காலமாகத் தூக்குகிற மாதிரிதான். குப்புறப் போடும்போது நெஞ்சுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்தோம், எதிரே நான் உட்கார்ந்து கீரை ஆய்வேன். என்னைப் பார்க்கவே தலையைத் தூக்குவான். உட்காரப் பழக்கியது இரண்டு சுவர் சேரும் மூலையில், பக்கத்துக்கு ஒரு தலையணை வைத்து.

சாப்பாட்டில்தான் நாங்கள் பெரிய தப்பு செய்துகொண்டிருந்தோம். மடியில் மல்லாக்கக் கிடத்தி, சங்கில் பால் ஊற்றுவோம். பால் மூச்சுக்குழாய்க்குள் போய் அடிக்கடி சளி, காய்ச்சல். முதுகை நிமிர்த்தி, தலை பின்னால் சாயாமல் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கெட்டியான கூழைக் கரண்டியால் கொடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு அது வெகுவாகக் குறைந்தது.

நாக்கில் வசம்பு தேய்ப்பது, இடுப்புவரை மணலில் புதைத்து நிற்க வைப்பது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சொல்கிறவர்களிடம் சண்டை போடாதீர்கள், அடுத்த முறை மையத்துக்குக் கூட்டிப்போங்கள். நான் என் அத்தையைக் கூட்டிப்போனேன். மேடம் அவர் கையைப் பிடித்துத் தூக்கும் விதத்தைக் காட்டினார். இப்போது யாராவது பேரனை மல்லாக்கப் போட்டுச் சோறு ஊட்டினால், அடுப்படியிலிருந்து அத்தை குரல்தான் முதலில் வருகிறது.