பளபளக்காத கிட்டாரை எடைபோடுவது எப்படி

"மிஸ், இது பழசா? பாலிஷே இல்லையே?"

மவுண்ட் ரோட்டில் ஒரு கடையில் என் மாணவியின் அம்மா என் காதருகே வந்து கேட்டார். பெண்ணுக்குப் பதினாறு வயது. மூன்று வருடமாக என்னிடம் கற்றுக்கொள்கிறாள். பழகுவதற்கு வாங்கிய எலக்ட்ரிக் கிட்டார் இனி அவள் கைக்குப் போதாது. 60,000 ரூபாய் வரை போகலாம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி மாதிரி மின்னும் கிட்டார்கள் தொங்கின. அவள் கை போனதோ மங்கலாக, சாட்டின் ஃபினிஷோடு இருந்த ஒன்றின் மேல். அம்மாவுக்கு அது பாதி வேலையில் விட்ட மரச்சாமான் மாதிரித் தெரிந்திருக்கிறது.

இந்தச் சந்தேகம் நிறையப் பேருக்கு வருகிறது. விலை கொடுத்து வாங்கும் பொருள் மின்ன வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது இயல்புதான். அதனால் முதலில் சாட்டின் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பளபளப்பான கிட்டாருக்கு லாக்கரைப் பல கோட் அடித்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பஃபிங் சக்கரத்தில் காட்டி மெருகு ஏற்றுவார்கள். ஆள் கூலியும் நேரமும் அதிகம். சாட்டினில் லாக்கரோடு சிலிக்கா போன்ற நுண்தூள் கலந்திருக்கும். காய்ந்த பிறகு பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் மேடுபள்ளமாக இருப்பதால் வெளிச்சம் சிதறிவிடும், அதனால் மின்னாது. கடைசி மெருகு வேலையும் மிச்சம். அப்படி மிச்சமான பணம் கிட்டாரின் உள்ளே போயிருக்கிறதா, இல்லை விலையைக் குறைத்துக் காட்ட மட்டும் உதவியிருக்கிறதா? சாட்டின் கிட்டாரைக் கையில் எடுத்ததும் நான் தேடுவது இதற்கான பதிலைத்தான்.

நல்ல உதாரணம் பிஆர்எஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் எஸ்இ சிஇ 24 ஸ்டாண்டர்ட் சாட்டின். இந்தோனேசியாவில் தயாராகிறது, அமெரிக்காவில் 2024-இல் 499 டாலருக்கு வந்தது. மஹாகனி பாடி. மேலே அலங்கார மேப்பிள் பலகை கிடையாது, மெருகும் கிடையாது. ஆனால் திருகு போட்டுப் பொருத்திய மேப்பிள் நெக், 25 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங்கின் அதிரும் நீளம்), 24 ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்), ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் 85/15 எஸ் பிக்கப்புகள், டோன் நாபை மேலே இழுத்தால் அவற்றின் இரட்டைக் காயிலில் ஒன்று மட்டும் வேலை செய்யும்படி பிரிக்கும் வசதி என்று காதுக்கும் கைக்கும் வேண்டியவை அப்படியே இருக்கின்றன. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று யோசித்து வெட்டியிருக்கிறார்கள். மற்ற கம்பெனிகளின் சாட்டின் மாடலைப் பார்க்கும்போதும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மங்கல் ஃபினிஷ், கூடவே தளர்ந்த ட்யூனிங் கீ, கூரான ஃப்ரெட் முனை என்றால் எல்லா இடத்திலும் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடைக்குப் போகும்போது என் பையில் இருப்பவை: சொந்தக் கேபிள், ஒரு கேப்போ (நெக்கில் மாட்டி எல்லா ஸ்ட்ரிங்கையும் சேர்த்து அழுத்தும் கவ்வி), ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், இரண்டு ஏ4 தாள், ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கிற சின்ன டிஜிட்டல் தராசு. ஸ்ட்ராப்பும் எடுத்துக்கொள்வேன். ட்யூனர் போனிலேயே இருக்கிறது. சொந்தக் கேபிள் ஏன் என்றால், கரகர சத்தம் வந்தால் "அது கேபிள் மேடம்" என்று சொல்லிவிடுவார்கள். நம்முடையதைச் செருகிவிட்டால் அந்தப் பேச்சு எழாது.

முதலில் நிஜமாகவே எடை போடுங்கள். மூன்றரைக் கிலோவுக்குள் இருந்தால் நல்லது. நான்கைத் தாண்டினால், இரண்டு மணி நேரக் கச்சேரியில் தோள்பட்டை கேள்வி கேட்கும். அப்புறம் ஸ்ட்ராப் மாட்டி நின்று இரண்டு கையையும் எடுத்துவிடுங்கள். நெக் தரையைப் பார்த்துச் சரிந்தால், வாசிக்கும் நேரமெல்லாம் இடது கை அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். அந்தக் கிட்டார் எனக்கு வேண்டாம்.

அடுத்து ஆம்ப்பில் செருகாமலேயே நெக்கைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, தடித்த ஆறாவது ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுமார் 0.2 மில்லிமீட்டர் இருந்தால் சரி. சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், இரண்டைச் சேர்த்து நுழைத்தால் ஸ்ட்ரிங்கைத் தூக்காமல் உரசிக்கொண்டு போக வேண்டும். நான்கைந்து தாள் போகிறது என்றால் நெக் வளைந்திருக்கிறது. ஒரு தாள்கூடப் போகாவிட்டால் நெக் ஒரேயடியாக நேராக இருக்கிறது, அல்லது பின்பக்கம் வளைந்திருக்கிறது. இரண்டையுமே நெக்கின் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைத் திருப்பிச் சரிசெய்யலாம் என்பதால் இதைப் பார்த்தே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கடையிலேயே சரிசெய்து தரச் சொல்லுங்கள். திருப்பியும் அசையவில்லை என்றால்தான் பிரச்சினை.

கேப்போவை எடுத்துவிட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி ஆறாவது ஸ்ட்ரிங்கின் அடிப்பக்க உயரம் பாருங்கள். 1.6 முதல் 2 மில்லிமீட்டர் வரை எனக்குச் சரி. பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஸ்கேல் இதற்கு உதவாது. பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டுத்தான் கோடு போட்டிருப்பார்கள்.

ஃப்ரெட்டுக்கு மட்டும் நிதானமாக நேரம் கொடுங்கள். பிக்கப்பை மாற்றலாம், ட்யூனிங் கீயை மாற்றலாம், ஃப்ரெட் கோளாறாக இருந்தால் செலவு பெரிது. அன்று அந்தப் பெண்ணின் துப்பட்டா ஓரத்தை வாங்கி, நெக்கின் இரண்டு விளிம்பிலும் மேலிருந்து கீழ்வரை மெதுவாக ஓட்டினேன். கைக்குத் தெரியாத பிசிறு துணிக்குத் தெரியும். பதினாலாவது ஃப்ரெட்டில் ஒரு நூல் மாட்டிக்கொண்டது. மற்ற எல்லாம் வழுவழுவென்று போயிற்று. ஒரே ஒரு முனை என்றால் அரம் வைத்து இரண்டு நிமிடத்தில் தேய்த்துவிடலாம். கடைக்காரரிடம் காட்டினேன், எங்கள் கண்ணெதிரேயே செய்து கொடுத்தார். பத்து இடத்தில் மாட்டினால் கிட்டாரைத் திரும்பச் சுவரிலேயே மாட்டச் சொல்லுங்கள்.

பிறகு ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசிக்க வேண்டும். ஆறு ஸ்ட்ரிங், 24 ஃப்ரெட், மொத்தம் 144 சுரம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கடைப் பையன் பொறுமை இழந்தாலும் பரவாயில்லை. முதல் இரண்டு ஸ்ட்ரிங்கில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு முழுச் சுரம் ஏறும் அளவுக்கு இழுத்துப் பிடியுங்கள். சத்தம் நீண்டு நிற்காமல் பாதியில் செத்துப்போனால், மேலே ஏதோ ஒரு ஃப்ரெட் உயரமாக இருந்து ஸ்ட்ரிங்கைத் தொடுகிறது. மூன்றாவது ஸ்ட்ரிங்கை இழுத்துவிடும்போது நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் பள்ளத்தில் அமரும் சின்னத் துண்டு) பக்கம் "டிங்" என்று ஒரு சின்னச் சத்தம் வந்தால் பள்ளத்தில் ஸ்ட்ரிங் சிக்குகிறது. பென்சில் கரியைத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்போது சாட்டினுக்கே வருகிறேன். கடை ஏசியில் எந்த நெக்கும் சுகமாகத்தான் இருக்கும். சென்னை மே மாதத்தில் மாடி ஹாலில் வாசிக்கும்போது எப்படி இருக்கும் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். உள்ளங்கையில் வாயால் நாலைந்து முறை ஊதி ஈரமாக்கிக்கொண்டு, நெக்கின் பின்பக்கம் மேலும் கீழும் வழுக்கிப் பாருங்கள். அப்படியே பக்கத்திலிருக்கும் பளபளப்பான நெக்கிலும் செய்து பாருங்கள். பளபளப்பில் கட்டைவிரல் ஒட்டிக்கொண்டு விட்டுவிட்டு நகரும். சாட்டினில் நிற்காமல் போகும். ஃபெண்டரின் பிளேயர் வரிசையில் பாடியைப் பளபளப்பாக விட்டு, நெக்கின் பின்பக்கத்தை மட்டும் சாட்டினாக வைத்திருப்பதும் இந்தச் சுகத்துக்காகத்தான். கை வியர்க்கும் பிள்ளைகளுக்கு நான் சாட்டின் நெக்கை அடித்துச் சொல்லுவேன்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. நுண்ணிய மேடுபள்ளம் இருப்பதால்தான் மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னேன் இல்லையா? தினமும் ஒரே இடத்தில் கை உரசினால் அந்த மேடு தேய்ந்து சமமாகிவிடும். அந்த இடம் மட்டும் மினுமினுக்க ஆரம்பிக்கும். முழங்கைக்குக் கீழே கை படியும் விளிம்பு, நெக்கில் முதல் ஐந்து ஃப்ரெட்டின் பின்பக்கம், இந்த இரண்டும் முதலில் மாறும். அழுக்கு என்று நினைத்துத் துடைத்தால் இன்னும் மினுங்கும். என்னுடைய முதல் சாட்டின் கிட்டார் கறுப்பு. ஒரு வருடத்தில் கை படியும் இடத்தில் உள்ளங்கை அளவு பளபளப்பு வந்துவிட்டது. மனசு கேட்காமல் கார் பாலிஷ் வாங்கிவந்து, எல்லா இடத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடலாம் என்று தேய்த்தேன். பாலிஷ் மேட்டைத் தேய்த்து, பள்ளத்தில் வெள்ளையாகப் படிந்து, முன்பக்கம் முழுக்கத் திட்டுத் திட்டாகிவிட்டது. அதைத் திரும்ப ஒரே சீராக மங்கலாக்குவது கஷ்டம். முழுக்கச் சரியாக வேண்டும் என்றால் மறுபடி லாக்கர் அடிக்கத்தான் வேண்டும். அந்தக் கிட்டாரைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் வருத்தமாக இருக்கும். கீறலும் அப்படித்தான், பளபளப்பில் விழும் லேசான கீறலைத் தேய்த்து மறைக்கலாம், சாட்டினில் தேய்த்த இடமே தனியாகத் தெரியும்.

அதனால் வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்: கை பட்டுப் பட்டு மினுங்கும் கிட்டார் உங்களுக்குப் பிடிக்குமா, உறுத்துமா? உறுத்தும் என்றால் பளபளப்பான கிட்டாருக்கே போய்விடுங்கள், தவறே இல்லை. நடுவில் நின்றால் வெளிர் நிறம் எடுங்கள். கறுப்பிலும் அடர் நிறங்களிலும் விரல் எண்ணெய்க் கறையும் மினுக்கும் பளிச்சென்று தெரியும்.

கடையில் கிட்டாரை ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்வாகப் பிடித்து இந்த இடங்களைப் பாருங்கள். புதுசு என்று சொல்லி விற்பதில் ஏற்கெனவே மினுக்கம் இருந்தால் அது மாதக்கணக்கில் வந்தவர் போனவர் எல்லாம் வாசித்துப் பார்த்த டிஸ்ப்ளே பீஸ். விலை குறைக்கக் கேட்கலாம், அல்லது பெட்டி பிரிக்காததைக் கேட்கலாம். பெட்டி பிரிக்காததையும் இதே மாதிரி முதலிலிருந்து சோதிக்க வேண்டும். ஒரே மாடலில் இரண்டு பீஸ் ஒன்றுபோல இருக்காது. செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு இது பெரிய உதவி. "வீட்டிலேயே சும்மா இருந்தது" என்று விற்பவர் சொல்வார். நெக் மினுங்கினால் எவ்வளவு வாசித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். உடனே முதல் மூன்று ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங் பதிந்த குழி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆம்ப் கடைசியில்தான். டிஸ்டார்ஷன், ரிவர்ப் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். எஃபெக்ட் போட்டால் எல்லாக் கிட்டாரும் நன்றாகத்தான் கேட்கும். வால்யூம், டோன் நாப்களை முழுக்கத் திருப்புங்கள், ஸ்விட்சை மாற்றுங்கள், ஜாக்கை லேசாக அசையுங்கள். கரகரப்பு வரக் கூடாது. ஸ்ட்ரிங்கில் கை வைத்ததும் ஹம் சத்தம் குறைய வேண்டும். கை வைத்ததும் கூடினால் உள்ளே எர்த் வயரில் கோளாறு. காயில் பிரிக்கும் வசதி இருந்தால் நாபை இழுத்துப் பாருங்கள். சத்தம் கொஞ்சம் குறைந்து மெலிவது இயல்பு, ஒரேயடியாக அமுங்கிப் போனால் அந்த வசதி உங்களுக்குப் பயன்படாது. வீட்டில் ஆம்ப்பைச் செருகும் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டால் சுர்ரென்று அடித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

அன்று அந்தப் பெண் சாட்டினையே எடுத்தாள். பில் போடும்போது நான் கேட்டு வாங்கியவை இரண்டு: பெட்டியோடு வரும் ஆலன் கீ, இரண்டு வாரம் கழித்து இலவசமாக ஒருமுறை செட்டப் செய்து தருவதாக பில்லிலேயே எழுதிக் கையெழுத்து. ஏசியிலிருந்து வீட்டு ஈரக்காற்றுக்கு வந்ததும் நெக் கொஞ்சம் அசையும். துடைப்பதற்குப் பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். லேசாக நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் துடைக்க வேண்டும். பாலிஷ் வேண்டாம், தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. இரண்டு வாரம் கழித்து அவள் கிளாசுக்கு வந்தபோது தாளை நுழைத்துப் பார்த்தோம். மூன்று போயிற்று. ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கும் குறைவாக அவளையே திருப்பச் சொன்னேன். மறுபடி பார்த்தால் இரண்டு.