இதயக் குவில்ட்: தைத்து முடித்தபின் இதயம் காணாமல் போகும் தவறு

குவில்ட், அதாவது துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை, கற்க வருபவர்களில் பலருக்கு முதல் ஆசை இதயம்தான். பூப்போட்ட துணிகளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து எடுத்து வருவார்கள். அந்த அடுக்கைப் பிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிடும், என் முதல் குவில்டில் நான் செய்த அதே தவறைத்தான் இவர்களும் செய்யப் போகிறார்கள் என்று. மழுங்கிய கத்தரிக்கோல், முனை போன ஊசி, இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை பட்டால் யாருக்கும் தெரிந்துவிடும். கடைசித் தையல் வரைக்கும் கண்ணில் படாத தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

அதற்கு முன் இதயம் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். 6 அங்குல இதயத்துக்கு, 3½க்கு 6½ அங்குலத்தில் இரண்டு பிரிண்ட் (பூவோ படமோ அச்சிட்ட துணி) துண்டுகள் வேண்டும். ஒவ்வொன்றின் கீழே, வெளிப்பக்க மூலையில் 3½ அங்குலப் பின்னணித் துணிச் சதுரத்தை வைத்து மூலைக்கு மூலை குறுக்காகத் தைத்து, மிச்சத்தை வெட்டிவிட்டு, மடித்துத் தேய்க்க வேண்டும். ஒவ்வொன்றின் மேல் மூலைகள் இரண்டிலும் 1½ அங்குலச் சின்னச் சதுரங்கள், அதே முறையில். பிறகு இரண்டு பாதிகளையும் சேர்த்துத் தைத்தால் இதயம். இதில் வளைவே கிடையாது. ஒரு சில சாய்கோடுகள்தான் கண்ணுக்கு இதயமாகத் தெரிகின்றன. அந்தக் கோடுகள் தெளிவாக இல்லையென்றால் இதயமும் இல்லை.

துணி அழகாக இருக்கிறது என்று எடுப்பது

என் முதல் இதயக் குவில்டில் 56 இதயங்கள். வரிசைக்கு 8, மொத்தம் 7 வரிசை. பின்னணிக்குத் தூய வெள்ளை. இதயங்களுக்கு வெள்ளைத் தரையில் சின்ன ரோஜா, நீலப் பூ, பச்சைக் கொடி போட்ட துணிகள். மேஜையில் ஒவ்வொன்றாகத் தைத்து அடுக்கும்போது மனசு நிறைந்திருந்தது. எல்லாவற்றையும் இணைத்துச் சுவரில் தொங்கவிட்டு, அறையின் மறுகோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். ஒரு இதயம்கூடத் தெரியவில்லை. பெரிய வெள்ளைத் துணியில் பூக்கள் சிதறிக் கிடந்தன, அவ்வளவுதான்.

கிட்டே போய் ஒரு இதயத்தை விரலால் தடவிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. இடப்பக்கச் சாய்கோட்டின் மேல் ஒரு ரோஜா உட்கார்ந்திருந்தது. அங்கே கோடு நன்றாகத் தெரிந்தது. அதற்கடுத்த ஒரு அங்குலத்துக்குப் பூ எதுவும் இல்லை, வெறும் வெள்ளைத் தரை. அந்த இடத்தில் பிரிண்டின் வெள்ளையும் பின்னணியின் வெள்ளையும் ஒன்றாகிவிட்டன. தையல் இருக்கிறது, கோடு இல்லை. கீழ்முனையிலும் அதே கதை. இதயத்தை யாரோ அங்கங்கே கடித்து வைத்த மாதிரி இருந்தது.

சரி, பிரித்துத் தைக்கலாமே என்றால் அதுவும் முடியாது. மூலைகளைத் தைத்ததுமே மிச்சத் துணியை வெட்டி எறிந்தாயிற்று. அடர்ந்த நிற நூலால் ஒவ்வொரு இதயத்தையும் சுற்றித் தைத்துப் பார்த்தேன். கிட்டத்தில் கொஞ்சம் எடுபட்டது, தூரத்தில் எதுவும் மாறவில்லை. இரண்டு மாத மாலை நேரம் அதோடு போனது.

இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருப்பது, புதிதாக வருபவர்களிடம் எல்லோரும் "ஒன்றோடொன்று பொருந்துகிற நிறமாக எடுங்கள்" என்றே சொல்லி அனுப்புவதுதான். நிறம் வேறு, அடர்த்தி, அதாவது எவ்வளவு வெளிர் எவ்வளவு கருமை என்பது வேறு. சிவப்பும் பச்சையும் நேர் எதிரான நிறங்கள். ஆனால் இரண்டும் ஒரே அடர்த்தியில் இருந்தால், பச்சைப் பின்னணியில் சிவப்பு இதயம் தூரத்தில் மங்கிவிடும். வெளிர் நீலப் பின்னணியில் அடர் நீல இதயமோ பளிச்சென்று நிற்கும். உருவத்தைக் காட்டுவதில் நிறத்தைவிட அடர்த்திக்குத்தான் பங்கு அதிகம்.

அதனால் ஒரு துணியைக்கூட வெட்டுவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். எல்லாத் துணிகளையும் பின்னணித் துணியின் மேல் பரப்பி, கைபேசியில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். பின்னணியோடு கலந்து ஒரே சாம்பலாகத் தெரியும் துணியை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், இந்தக் குவில்டிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். அப்புறம், பின்னணித் துணியின் நிறத்தில் ஒரு காகிதம் எடுத்து, நடுவில் 6 அங்குல இதயத்தை வெட்டி ஓட்டையாக்குங்கள். அதைப் பிரிண்டின் மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். ஓட்டையின் விளிம்பு எங்கேயாவது காணாமல் போனால், தைத்த பிறகும் அதே இடத்தில்தான் காணாமல் போகும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

வெள்ளைத் தரைப் பிரிண்டை விடவே மனமில்லையென்றால் பின்னணியை மாற்றுங்கள். கருநீலத்தின் மேல் அதே ரோஜாத் துணி மிக அழகாக இருக்கும்.

கையகலப் பூக்கள்

4 அங்குலப் பூவை 3 அங்குல அகலப் பாதிக்குள் அடக்க முடியாது. அரைப் பூவும் கால் இலையும்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட துணியைப் பார்டருக்கோ பின்பக்கத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

தலைகீழ்ப் பறவைகள்

பறவை மாதிரி மேல் கீழ் உள்ள பிரிண்டாக இருந்தால், இரண்டு பாதிகளையும் ஒரே திசையில் வெட்டுங்கள்.

கால் அங்குலத்தைக் கண்ணால் அளப்பது

தையலுக்கு விடும் துணி கால் அங்குலத்தைவிட ஒன்றரை மில்லிமீட்டர் கூடினால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஒரு தையல் இரண்டு பக்கத் துணியையும் தின்னும். 8 இதயங்கள் உள்ள வரிசையில், நடுத்தையல்கள் 8, இணைப்புகள் 7, ஆக 15 தையல்கள். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 2 அங்குலம் குறைந்திருக்கும். கணக்குப்படி வெட்டி வைத்த பார்டர் நீண்டு நிற்கும். அந்த நீளத்தை அப்படியே வைத்துத் தைத்தால் ஓரமெல்லாம் அலை அலையாகிவிடும். முதல் இதயத்தைத் தைத்ததும் அளந்து பாருங்கள். ஓரத்துக்கு ஓரம் 6½ அங்குலம் வந்தால்தான் அடுத்ததை வெட்ட வேண்டும்.

தேய்க்கும்போது இழுப்பது

சாய்வாகத் தைத்த இடமெல்லாம் துணியின் கிராஸ், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வான திசை. இழுத்தால் நீளும். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள், தள்ளாதீர்கள்.

சிவப்பைத் துவைக்காமல் வெட்டுவது

வேண்டவே வேண்டாம். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் ஒட்டாத வரைக்கும் அலசுங்கள்.

கீழ்முனையை நறுக்குவது

இதயத்தின் கீழ்முனைக்கும் துணியின் ஓரத்துக்கும் நடுவே கால் அங்குலம் இருக்க வேண்டும். ஓரம் கோணலாக இருக்கிறதே என்று அதை நறுக்கினால், வரிசைகளை இணைக்கும்போது முனை தையலுக்குள் போய் மொட்டையாகிவிடும். சமப்படுத்தியே ஆக வேண்டுமென்றால் மேல்பக்கத்தில் நறுக்குங்கள். அங்கே ஒரு நூலளவு போனாலும் தெரியாது.