அந்துப்பூச்சியைத் துரத்திப் பயனில்லை

அரிசி டப்பாவைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் ஒன்று படபடவென்று வெளியே பறக்கும். கையால் தட்டிக் கொன்றுவிட்டு, சரி, தொலைந்தது என்று டப்பாவை மூடிவிடுகிறோம். முதல் தவறே அதுதான். கோர்சைரா செபலோனிக்கா என்ற இந்த அரிசி அந்துப்பூச்சி, இறக்கை முளைத்த பிறகு எதையும் தின்பதில்லை. ஒன்றிரண்டு வாரத்தில் முட்டையிட்டு மடிந்துவிடும். ஒரு பெண் பூச்சி 100 முட்டைக்கு மேல் இடும். தின்பது முழுக்கப் புழுதான்.

அப்புறம், "வண்டு பிடித்துவிட்டது" என்று பொதுவாகச் சொல்லிவிடுவது. வண்டு அரிசியைத் துளை போடும். அந்துப்புழுவோ நூல் விட்டு அரிசியைக் கட்டி கட்டியாக ஒட்டவைக்கும். அந்தக் கட்டி ஒன்றை எடுத்து மெல்லப் பிரித்துப் பாருங்கள். பட்டு இழை இழுபடும். எச்சமும் தூளும் உதிரும். உள்ளே பழுப்புத் தலையோடு வெளிறிய புழு நெளியும்.

இந்த அந்து வகையை மூக்குப் பூச்சி என்றும் சொல்வதுண்டு. மூக்கைக் காணோமே என்று வேறு பூச்சியாக நினைப்பவர்களும் உண்டு. முன்னால் அலகு மாதிரி நீண்டிருப்பது பெண்ணுக்குத்தான். ஆணுக்கு அது குட்டை, சட்டென்று கண்ணில் படாது.

சலித்தால் போதும் என்று நம்பவும் முடியாது. முட்டை அரை மில்லிமீட்டர் அளவுதான், அரிசியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சலித்த அரிசியைக் கழுவாத அதே டப்பாவில் கொட்டுவது அதைவிட மோசம். மூடியின் உள்விளிம்பு, சாக்குத் தையல், அலமாரி இடுக்கு எங்கும் கூட்டுப்புழு ஒளிந்திருக்கும். பழைய அரிசி மேல் புதிய அரிசியைக் கொட்டுவதும் புழுவுக்கு விருந்து வைப்பதுதான். வெயிலில் தடிமனாகப் பரப்பினால், புழு அடியில் உள்ள நிழலுக்கு இறங்கிவிடும்.

கடையில் விற்கும் உணவு அந்துப்பூச்சிப் பொறியை வைத்துவிட்டு, ஒன்றும் விழவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். பூச்சியை இழுக்க அதில் வைத்திருக்கும் வாசனை பெரும்பாலும் வேறு அந்து இனங்களுக்கானது. (வேடிக்கை என்னவென்றால், ஆய்வகங்களில் இதே பூச்சியை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். இதன் முட்டையில்தான் டிரைக்கோகிரம்மா என்ற, பயிர்ப் பூச்சிகளின் முட்டையை அழித்து நன்மை செய்யும் ஒட்டுண்ணிக் குளவி பெருகுகிறது.)

கொஞ்சம் அரிசிதான் என்றால் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்தவுடன் பையைப் பிரித்துவிடாதீர்கள். குளிர் முழுவதும் போகட்டும். இல்லையென்றால் அரிசி மேல் ஈரம் கோத்துக்கொள்ளும்.